சதவீதமும் மெத்தைக் கடையும்

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது ஒழுங்காக அச்சாகியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பான். தெருவிலும் அலுவலகத்திலும் அவன் சதவீதம். இந்தப் பெயரை வைத்தவள் அவனுடைய அக்கா. பள்ளிக்கூடத்தில் மழை வருமா என்று கேட்டால் மற்ற பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பார்கள். இவன் வானத்தைப் பார்க்காமலே "அறுபது சதவீதம் வரும்" என்பான். வந்துவிட்டால் "நான்தான் சொன்னேனே" என்பான். வராவிட்டால் "மிச்சம் நாப்பது இருந்துதே" என்பான். எந்தப் பக்கம் போனாலும் தோற்காத இந்த வித்தையை எங்கே கற்றானோ தெரியாது.

வயது ஏற ஏற இந்தப் பழக்கம் போய்விடும் என்று வீட்டில் நம்பினார்கள். போகவில்லை, பட்டம் வாங்கிக்கொண்டு வந்தது. கல்லூரியில் புள்ளியியல் எடுத்து நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். கல்யாணத்துக்கு முன்னால், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு "தொண்ணூறு சதவீதம்" என்று பதில் சொன்னான். அவன் அகராதியில் அது பெரிய பாராட்டு. அந்தப் பெண்ணும் அவனைக் கட்டிக்கொண்டாள், ஒரு பிள்ளையையும் பெற்றாள். ஆனால் மிச்சம் பத்து எங்கே போயிற்று என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்கள் வீட்டில் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அந்தப் பத்தில்தான் வந்து முடியும்.

அவன் வேலை பார்த்த நிறுவனம் ஒரு பெட்டி செய்து விற்றது. மேசைமேல் வைக்கலாம், டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிது. விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதற்குள் விட்டால் சற்று நேரம் உறுமும். பிறகு ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் பெருங்குடலில் கட்டி இல்லை. சிவப்பு என்றால் இருக்கலாம், போய்க் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குழாய்ப் பரிசோதனை என்பது முனையில் கேமரா வைத்த நீளமான குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது. எந்த வழியாக விடுகிறார்கள் என்பதை மரியாதைப்பட்டவர்கள் வெளியே சொல்வதில்லை. முந்தின நாள் முழுக்க மருந்தைக் குடித்துவிட்டுக் கழிப்பறையிலேயே குடித்தனம் நடத்த வேண்டும். இதற்குப் பதிலாக ஒரு சொட்டு ரத்தம் போதும் என்று ஒருவர் வந்து சொன்னால் வேண்டாம் என்பவர் யார்? பெட்டி சூடாக விற்றது.

பெட்டியைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். அது சொல்வது சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது சதவீதத்தின் வேலை. கட்டி உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, எத்தனை பேரைக் கோட்டை விட்டது, ஒன்றுமில்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது. கேள்வி இவ்வளவுதான். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பெரிய மூளை தேவையில்லை, கொஞ்சம் பிடிவாதம் இருந்தால் போதும். சதவீதத்திடம் மூளை நிறைய இருந்தது.

முதல் சோதனைக்கு நோயாளிகள் வேண்டும் என்றதும் பெரிய மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் இருந்தவர்களிடம் சம்மதம் வாங்கினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. நலமானவர்கள் வேண்டும் என்றதும் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு ஆட்களையே வரிசையில் நிற்கவைத்தார்கள். லிஃப்ட் ரிப்பேரானால் சந்தோஷமாக மாடிப்படி தாவுகிற ஆட்கள். பெட்டி இரண்டு கூட்டத்தையும் பிசகாமல் பிரித்துச் சொல்லிற்று. படுத்த படுக்கையாகக் கிடப்பவரையும் படி தாவுகிறவரையும் பிரித்துச் சொல்லப் பெட்டி எதற்கு, வாசல் காவலாளியே சொல்லிவிடுவாரே என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டுகிற சத்தத்தில் கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

பெட்டி உண்மையில் தருவது ஓர் எண். அந்த எண் ஒரு கோட்டைத் தாண்டினால் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. கோட்டை எங்கே போடுவது என்று சதவீதம் பல நாள் உட்கார்ந்து பார்த்தான். இங்கே போட்டான், அங்கே போட்டான், எங்கே போட்டால் பெட்டிக்கு நல்ல பெயர் வருகிறதோ அங்கே ஆணியடித்தாற்போல் நிறுத்தினான். விடைத்தாளைத் திருத்தி முடித்த பிறகு எத்தனை எடுத்தால் பாஸ் என்று முடிவு செய்கிற மாதிரி. அந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் பாஸ்.

பிறகு பெட்டியை ஊர் மக்களிடம் கொண்டுபோனார்கள். தொழிற்சாலை, பள்ளி, குடியிருப்பு என்று முகாம்கள் நடந்தன. சிவப்பு வந்தவர்களைக் குழாய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பச்சை வந்தவர்களுக்குக் கைகுலுக்கி, பச்சைக் கரை போட்ட கெட்டித் தாளில் ஒரு சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "தங்கள் பெருங்குடல் நலமாக உள்ளது" என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கும். பலபேர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். வாழ்நாளில் வேறு எதற்கும் சான்றிதழ் வாங்காதவர்கள் அவர்களில் உண்டு.

இங்கேதான் சதவீதத்துக்குக் கல்லூரியில் படித்தது ஒன்று ஞாபகம் வந்தது. கூட்டத்தில் கையைத் தூக்கினான். அப்படியும் இப்படியும் பாதி தூக்கிய கை.

"சார், பச்சை வந்தவங்கள்லயும் கொஞ்ச பேருக்காவது சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழாய் விட்டுப் பாக்கணும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்கீங்கன்னு கைகுலுக்கி அனுப்பின ஆளத் திரும்பக் கூப்பிட்டு, வாங்க உங்களுக்குக் குழாய் விடறோம்னு சொல்லச் சொல்றியா?"

"இல்ல சார், அவங்கள்ல யாருக்காவது கட்டி இருந்துட்டா..."

"இருந்தா திரும்பி வந்து சொல்லமாட்டாங்களா?"

"எங்க சார் வந்து சொல்லுவாங்க?"

"வரலல்ல? அப்ப இல்லன்னுதானே அர்த்தம்."

அறையே சிரித்தது. சதவீதமும் சேர்ந்து சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் சிரித்தான். சன்னல் வைத்த அறை ஒன்று அப்போதுதான் காலியாகியிருந்தது, அது யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. அவன் வாழ்க்கையிலேயே அவனுக்கு அதிக நஷ்டம் உண்டாக்கிய சிரிப்பு அதுதான் என்று நான் சொல்வேன். சிரித்தபோது அவனுக்கு அது தெரியாது. அறை கிடைத்தது.

அறிக்கை வந்தது. "கட்டி இருந்தும் விட்டுப்போனவர்கள்: பூஜ்யம்." குழாய் விட்டுப் பார்த்ததே சிவப்பு வந்தவர்களை மட்டும்தான், பச்சை வந்தவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை, பார்க்காத இடத்தில் பூஜ்யம் வராமல் வேறு என்ன வரும்? ஆனால் அச்சில் பார்க்கும்போது பூஜ்யம் மிக அழகாக இருந்தது. விளம்பரப் பலகையில் அதை ஆளுயரத்துக்குப் போட்டார்கள். அக்கா அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

அவனுடைய மேசைமேல் ஒரு தொலைபேசி வைத்தார்கள். பச்சைச் சான்றிதழின் அடியில் "சந்தேகம் இருந்தால் அழைக்கவும்" என்று சின்ன எழுத்தில் ஓர் எண் உண்டு. அந்த அழைப்பெல்லாம் அவனுக்கு வரும் என்று ஏற்பாடு. வரவில்லை. அது ஒருநாளும் அடித்ததில்லை. தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்து வைப்பான். மாதக் கூட்டத்தில் எழுந்து "புகார் எதுவும் இல்லை" என்பான். ஊரிலுள்ள பெருங்குடல்களை எல்லாம் சோதித்துப் பார்த்த மனிதன் அந்த எண்ணை ஒரே ஒருதடவைகூட அழுத்திச் சோதித்துப் பார்த்ததில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். காலர், பட்டன், தையல் எல்லாம் பார்த்து, மோசமானதை இடதுபக்கம் போடுவாள், நல்லதை வலதுபக்கம் தள்ளுவாள். அத்தான் நீண்டதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. அதனால் அவளுடைய பெருமை முழுவதும் தம்பிமேல்தான். "மெஷினக் கண்டுபிடிச்சதே என் தம்பிதான்" என்று தொழிற்சாலையில் சொல்லிவைத்திருந்தாள். அவன் பலதடவை திருத்தியும் பார்த்தான். "அக்கா, நான் கணக்குப் போட்டேன், அவ்வளவுதான்." "கண்டுபிடிச்சுக் கணக்கும் போட்டான்" என்று அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள்.

அவளுடைய தொழிற்சாலையில் முகாம் நடந்தபோது தம்பியே வந்து மேசையில் உட்கார்ந்தான். அவள் வரிசையில் நின்று, முறை வந்ததும் யாரோ மாதிரி விரலை நீட்டினாள். பச்சை எரிந்தது. அவன் எழுந்து நின்று கைகுலுக்கிச் சான்றிதழைக் கொடுத்தான். செக்கிங் பிரிவே கைதட்டியது. அன்று மாலையே அது அவள் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்கும் காலண்டருக்கும் நடுவில் ஏறிவிட்டது.

கொஞ்ச காலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சதவீதம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் காபி கொண்டுவந்து நீட்டியபோது அவள் கைக்கடிகாரத்தின் பட்டையைப் பார்த்தான். கடையில் போட்டுத் தந்த ஓட்டைகளெல்லாம் தாண்டி, ஊசியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது.

"என்னக்கா, கை இப்படி இளைச்சுப்போச்சு?"

"இளைச்சா நல்லதுதானேடா. எங்க கம்பெனில எல்லாரும் என்ன சாப்பிடறேன்னு கேக்கறாங்க."

"என்ன சாப்பிடற?"

"எங்க சாப்பிடறேன். பசிக்கவே இல்ல."

அவன் விடவில்லை. தூண்டித் துருவிக் கேட்டான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயிற்றில் அவ்வப்போது பிடித்து இழுக்கிறது. வெளிக்குப் போகும்போது சில நாள் ரத்தம் படுகிறது. மூலவியாதியாக இருக்கும் என்று அவளே முடிவு செய்து, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

காபி ஆறிப்போனது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என்னவென்று அவன் நிறுவனத்தின் விளம்பரத் தாளிலேயே முதல் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, நாளைக்கே டாக்டரப் பாக்கணும். குழாய் விட்டுப் பாத்துடலாம்."

"எனக்கா? எதுக்கு? அதோ பாரு." அவள் சுவரைக் காட்டினாள். "நீயே குடுத்ததுதானே."

"அது இருக்கட்டும்க்கா."

"என்ன இருக்கட்டும்? பூஜ்யம்னு ஊரெல்லாம் போர்டு வெச்சிருக்க. நானே போய்க் குழாய் விட்டுக்கிட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? கூடப்பொறந்தவளே நம்பலன்னு சொல்லமாட்டாங்களா? என் தம்பி பேச்ச விட்டுட்டு நான் வேற எவன் பேச்சக் கேக்கப்போறேன்?"

அவன் கெஞ்சிப் பார்த்தான். கோபித்தும் பார்த்தான். அவள் அசையவில்லை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை சொல்லி டாக்டரிடம் அனுப்பிவிடலாம். தம்பியின் பூஜ்யத்தைத் தம்பியிடமிருந்தே காப்பாற்றத் தீர்மானித்துவிட்ட ஒரு பெண்ணை என்ன செய்வது? கடைசியில் அவளே ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கும் ஒரு தடவ சந்தேகம் வந்துச்சுடா. இல்லன்னு சொல்லல. தாள்ல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டேன். உன்னத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன். எவனோ எடுத்து மெத்தைக் கடைன்னான்."

"என்ன கடை?"

"மெத்தைக் கடை. தலகாணி, மெத்தை விக்கற கடை. நான் வயித்து வலின்னு சொன்னதும், அம்மா உடனே டாக்டர்கிட்ட போங்க, தாள நம்பி உக்காந்திருக்காதீங்கன்னான். நல்லா திட்டிட்டு வெச்சுட்டேன். மெத்தைக் கடைக்காரன் பேச்சக் கேக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?"

சதவீதம் எழுந்து போய்ச் சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்து, தன் கைபேசியில் எண்ணை அழுத்தினான். நாலைந்து தடவை மணி அடித்தது. "மெத்தைக் கடை, சொல்லுங்க" என்றது ஒரு கனத்த குரல். அவன் பேசாமல் வைத்துவிட்டான். அச்சடிக்கும்போது ஓர் இலக்கம் மாறிப்போயிருந்தது. இத்தனை காலம் அவன் துடைத்துத் துடைத்து வைத்த தொலைபேசி ஏன் அடிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வந்து அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, உன் மேசைல ஒரு சட்டைய மோசம்னு ஒதுக்கினா அப்புறம் என்ன ஆகும்?"

"சூப்பர்வைசர் இன்னொரு தடவ பாப்பாரு."

"பாத்துட்டு?"

"மோசம்தாம்பாரு. நான் ஒதுக்கினா ஒதுக்கினதுதான்."

"நீ நல்லாருக்குன்னு வலது பக்கம் தள்ளின சட்டைய யாரு இன்னொரு தடவ பாப்பாங்க?"

"அத எதுக்குடா பாக்கணும்? அது பேக்கிங்குக்குப் போயிடும்."

"அப்ப நீ ஒரு மோசமான சட்டைய விட்டிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைலேர்ந்து திரும்பி வரும்டா. நிறைய வந்திருக்கு, நான் வெளிய சொல்றதில்ல. ஒரு சட்டைக்கு ஒரு கையே இல்ல. அத எப்படி விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"உன் சட்டை திரும்பி வந்துடுது. எங்க ஆளுங்க எங்க திரும்பி வருவாங்க? ஃபோன் பண்ணுவாங்க. அந்த ஃபோன் மெத்தைக் கடைக்குப் போகுது."

அவள் சிரிப்பு நின்றது. சுவரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பூஜ்யம்?"

"வலது பக்கம் தள்ளினத யாருமே பாக்காம போட்ட பூஜ்யம்க்கா. எனக்கு அப்பவே தெரியும். கேட்டேன், சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன்." நடுவயதுக்காரன், சன்னல் வைத்த அறைக்காரன், அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து விசும்பி அழுதான்.

அக்கா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"சரி, அழாத. வரேன். ஆனா எங்க கம்பெனில சொல்லமாட்டேன். லீவுக்கு வேற காரணம் சொல்லிக்கறேன். உன் மெஷினப் பத்தி எவளும் வாயத் தொறக்கக் கூடாது."

குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. சின்னதும் இல்லை. அத்தான் லாரியைப் பாதி வழியில் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து மிச்சத்தை இணைத்துத் தைத்தார்கள். "தையல் எப்படிங்க, உள்ள ரெண்டு வரிசை போட்டீங்களா?" என்று மயக்கம் தெளிந்ததும் அக்கா டாக்டரைக் கேட்டாள். டாக்டர் சிரித்தார். வெளியே வந்து சதவீதத்திடம் மட்டும் சிரிக்காமல் பேசினார்.

"பொழைச்சுக்குவாங்க. ஆனா மருந்து ஏத்தியாகணும், நாள் ஆகும். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்த மருந்தே வேண்டாம். ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தாங்க?"

வீட்டுக்குப் போனதும் மனைவி சதவீதத்தை ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போட்டாள். அந்தப் பத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அதிலிருந்தே தன் முகம் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் மேலாளரின் அறைக்குப் போனான். மேலாளர் நல்ல மனிதர், அக்காவுக்குப் பழக்கூடை அனுப்பியிருந்தார். அதில் நிறுவனத்தின் பெயர் போட்ட அட்டை ஒன்றும் செருகியிருந்தது, நல்லவேளை அதில் பூஜ்யம் இல்லை.

"சார், அறிக்கையத் திருத்தணும். விட்டுப்போனவங்க பூஜ்யம் இல்ல. எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க."

"வருத்தமாத்தான்யா இருக்கு. ஆனா அவங்கள எப்படிச் சேர்க்கறது? நம்ம விதிப்படி சிவப்பு வந்து, அதுக்கப்புறம் குழாய் பாத்தவங்கதான் கணக்குல வருவாங்க. அவங்களுக்குப் பச்சைல்ல வந்துச்சு?"

"பச்சை வந்ததுதான் சார் தப்பே."

"அதனாலதான்யா கணக்குல வரல." மேலாளர் பொறுமையாக விளக்கினார். "அதுவும் இல்லாம, ஊழியரோட சொந்தக்காரங்களச் சேர்த்தா கணக்கு ஒருபக்கமாச் சாஞ்சுடும். நீயே எங்களுக்குப் பாடம் எடுத்ததுதானே."

ஆமாம், எடுத்திருந்தான். படம் போட்டு எடுத்திருந்தான். விற்பனைப் பிரிவு ஆட்களை வரிசையில் நிறுத்தியபோது அந்தப் பாடம் எங்கே போயிருந்ததோ.

"அப்ப அந்த ஃபோன் நம்பரையாவது மாத்தணும் சார். மெத்தைக் கடைக்குப் போகுது."

"தாள் மூட்டை மூட்டையா அடிச்சு வெச்சிருக்கு. அதப் பத்திப் புகார் எதாவது வந்துச்சா?"

"ஃபோன்தான் சார் வேற எடத்துக்குப் போகுதே, எப்படி வரும்?"

"வந்தா மாத்திடலாம்" என்றார் மேலாளர். அவர் முகத்தில் ஏமாற்றுகிற தோரணையே இல்லை. அதுதான் சதவீதத்துக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் சேர்ந்து சிரித்த நாளில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தான், அவமானமாக இருந்தது.

அன்று மாலை அக்காவைப் பார்க்கப் போனான். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சான்றிதழ் சுவரிலேயே இருந்தது. கழற்றவா என்று கேட்டான்.

"இருக்கட்டும். எடுத்தா ஆணி ஓட்டை தெரியும்." பிறகு கேட்டாள். "உங்க ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? நான் எதுல வரேன்? பிடிச்சதுலயா, விட்டதுலயா?"

"ரெண்டுலயும் இல்லக்கா."

"நான் அப்ப எங்க இருக்கேன்?"

"எங்கயும் இல்ல."

"இவ்வளவு பெரிய ஆளு, குடலையே வெட்டிப் போட்டிருக்கேன். எங்கயும் இல்லையா?" என்றாள். பிறகு, "அந்த மெத்தைக் கடைக்காரன நான் ரொம்பத் திட்டிட்டேன்டா. நீ போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

மறுநாள் அந்த எண்ணைக் கூப்பிட்டு இடம் விசாரித்துக்கொண்டு, அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனான். கடைவீதியின் கோடியில் இருந்தது அந்தக் கடை. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் சுவரோரம் நிமிர்ந்து நின்றன. நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தார் முதலாளி, பாரியான உடம்பு. அத்தனை மெத்தைகளுக்கு நடுவில் அவர் மட்டும் வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, என்ன சைஸ் பாக்கறீங்க?"

சதவீதம் பையிலிருந்து பச்சைக்கரைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"ஓ, வயித்துக்காரங்களா? உக்காருங்க, உக்காருங்க. நேர்ல வர்ற மொத ஆளு நீங்கதான்." அவர் ஒரு மெத்தையைத் தட்டிக் காட்டினார். சதவீதம் அதன் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. எங்க அக்காவுக்கு. உங்கள ஃபோன்ல திட்டினாங்களாம்."

"நிறைய பேர் திட்டுவாங்க, எந்த அக்கான்னு தெரியலைங்களே. இப்ப எப்படி இருக்காங்க?"

சொன்னான். அவர் தலையை ஆட்டினார். "மொதல்லல்லாம் ராங் நம்பர்னு வெச்சுடுவேங்க. விடமாட்டேன்றாங்க. ஒரு நாள் ஒரு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வெக்க மனசு வரல. டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. யாருக்கும் மெத்தை விக்கப் பாத்ததில்ல. ஒருத்தர் மட்டும் அவரா ஃபோன்லயே சொல்லி ஒண்ணு வாங்கினாரு."

"இதுவரைக்கும் எத்தனை பேர் இருக்கும்ங்க?"

"யாருங்க எண்ணினா? யாவாரம் பண்ற எடம்."

"டாக்டர்கிட்ட போனவங்க என்ன ஆனாங்கன்னு தெரியுமா?"

"சில பேரு திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுவாங்க, ஒண்ணுமில்லையாம்னு. சில பேருக்கு ஆபரேஷன்னு சொல்லுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "சில வீட்லேர்ந்து அவங்க பேசமாட்டாங்க. வேற ஆளு பேசுவாங்க."

சதவீதம் மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். விட்டுப்போனவர்கள் எல்லாரும் வந்துதான் இருக்கிறார்கள். அவன் பக்கம் வரவில்லை, இங்கே வந்திருக்கிறார்கள். ஒருவர்விடாமல் எல்லாரையும் இந்த மனிதர் அம்மா என்றும் ஐயா என்றும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

தொலைபேசி அடித்தது. முதலாளி எட்டி எடுத்தார், கேட்டார், பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சதவீதத்தைப் பார்த்தார். பிறகு ரிசீவரை அவன் பக்கம் நீட்டினார். "உங்களுக்குத்தாங்க."

வாங்கிக்கொண்டான். வயதான ஆண்குரல்.

"தாள்ல போட்டிருக்கற நம்பர் இதுதானுங்களா?"

"இதுதாங்க. சொல்லுங்க."

"எனக்குப் பச்சைதாங்க வந்துச்சு. ஆனா கொஞ்ச நாளா ரத்தம் போகுது. பையன்கிட்ட சொன்னா, தாள்ல நல்லாருக்குன்னு போட்டிருக்கு, சும்மா பயப்படாதேங்கறான்."

"ஐயா, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. குழாய் விட்டுப் பாக்கணும்னு நீங்களே வாயத் தொறந்து கேளுங்க. அந்தத் தாள மட்டும் யாருக்கும் காட்டாதீங்க."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க. அந்த மெஷினுக்குக் கணக்குப் போட்டவன்."

கணக்குப் போட்டவரே பேசுகிறார் என்றதும் அந்தக் கிழவருக்குத் தெம்பு வந்திருக்க வேண்டும். குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்க. பச்சை வந்தும் தப்பா இருக்கறதுக்கு எத்தன சதவீதம் வாய்ப்பு?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் அவன். மழையிலிருந்து மனைவிவரை யார் எதைக் கேட்டாலும் அவனிடம் ஓர் எண் தயாராக இருந்திருக்கிறது. பழக்கத்தில் வாய் திறந்துகொண்டது. எண் வரவில்லை. முக்காலியிலிருந்து மெத்தைக் கடைக்காரர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைங்க" என்றான். "யாரும் பாக்கல. நான் பாக்கல. நீங்க போய்ப் பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்குச் சொல்லுங்க. இதே நம்பருக்குக் கூப்பிடுங்க, நான் இங்கதான் இருப்பேன்."

ரிசீவரை வைத்தான். முதலாளி உள்ளே போய் இன்னொரு முக்காலி எடுத்துவந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டார்.